புடலைப் பிஞ்சில் கட்டிய கல்

மந்தைவெளி
12-8-1972

ஆமாம் அப்பா, கையெழுத்து கோணல்தான். இடக்கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கையில் நாலு தையல், பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

கொல்லையில் நான் போட்ட புடலைப் பந்தலைப் பற்றி எழுதியிருந்தேனே. ஆபீஸுக்குப் போகுமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றும் அரைமணிதான் இங்கே எனக்கு நிம்மதி. ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டுக்கார மாமியின் தம்பி சுந்தரராமன் நேற்றுக் காலை அரிவாளோடு வந்து பந்தல் காலை வெட்டினான்.

"வாடகைக்கு இருக்கறவாளுக்குப் பந்தல் என்ன வேண்டிக் கெடக்கு?"

கொடியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வெட்டு என் கையில் விழுந்தது. காய் வளையாமல் வளர, நீங்கள் சொன்னபடி நுனியில் கட்டியிருந்த கல்லைக் காயோடு பிடுங்கி அவன் நெற்றியில் அடித்தேன். இரண்டு முறை. இரண்டாவது அடி தேவையில்லை. ஆனால் அதில்தான் மனம் அடங்கியது. அதுதான் பயமாக இருக்கிறது.

மாமி எங்கள் இருவரையும் ஒரே ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் அவனைத்தான் திட்டினாள். "ஸ்கூட்டருக்குப் பதிவு பண்ணி மூணு வருஷமாச்சு, இன்னும் வரல்லே. அதுக்குள்ள இடமாடா, கடங்காரா! வர்ற வரைக்கும் பந்தல் இருக்கட்டும்."

புடலை விதை கொஞ்சம் சாம்பலில் புரட்டி அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் நல்லது. ஒற்றைக் கையால் பந்தல் கால் நட முடியாது.

இன்று காலை கல்லை ரத்தம் போகக் கழுவி, மிஞ்சிய ஒரே பிஞ்சில் இடக்கையாலும் பல்லாலும் கட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

சுந்தரவல்லி