மீகஹ ஓயாப் பாலத்தில் நாங்கள் வைத்த முனி

அனுப்புநர்:
திருமதி கலாராணி கஜேந்திரன்,
செயலாளர், மீகஹ ஓயாப் பழைய பாலப் பாதுகாப்புக் குழு,
(பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்)
கிளென்மார் தோட்டம், கீழ்ப்பிரிவு,
மடுல்சீமை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
பதுளை.

விடயம்: திங்கட்கிழமை உடைக்கப்படவிருக்கும் மீகஹ ஓயாப் பழைய கல்பாலத்தையும் அதன் அடியிலுள்ள மீன் மடுவையும் காப்பாற்றித் தருமாறு கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா,

மனுவென்றால் முதலில் வணக்கமும் நலமும் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வணக்கம். நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்கவும்.

1. வரும் திங்கட்கிழமை காலை, பொலிஸ் பாதுகாப்போடு எங்கள் பழைய பாலம் உடைக்கப்படும் என்று நேற்று கிராம சேவகர் மூலம் கடிதம் வந்தது. சனி, ஞாயிறு தங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும். ஆகவே தாங்கள் இதைப் படித்து ஏதாவது செய்வதற்கு நாளை வெள்ளிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். தபாலை நம்பிப் பயனில்லை என்பதால் எங்கள் குழுத் தலைவர் றிகாஸ் அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறார். தங்களைப் பார்க்காமல் திரும்பமாட்டார், அவ்வளவு பிடிவாதக்காரர். தயவுசெய்து அவரை வாசலில் காக்க வைக்க வேண்டாம்.

2. அந்தப் பாலம் வெள்ளைக்காரர் காலத்தில், கொழுந்து வண்டிகள் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போவதற்காகக் கட்டியது. மேலே புதுக் கொங்கிரீட் பாலம் வந்த பிறகு அதில் வாகனம் போவதில்லை. மனிதர் நடப்பார்கள், ஆடு மாடு நடக்கும். "ஆளே போகாத பாலம் எதுக்கும்மா ஒங்களுக்கு?" என்று உடைக்கும் வேலையை எடுத்திருக்கும் கொந்தராத்துக்காரர் என்னைக் கேட்டார். மேலே போகிறவர்கள் குறைவு, வாஸ்தவம். கீழே குடியிருப்பவை ஏராளம். இரண்டு தூண்களிலும் சாந்து கரைந்துபோய்க் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடுக்குகள் உண்டு. அவற்றுக்குள் விலாங்கும் நண்டும் இறாலும் இருக்கின்றன. தூண் நிழலில் கெண்டைகள் கூட்டமாக நிற்கின்றன. புதுப் பாலத்தின் தூணைத் தாங்கள் வந்து தடவிப் பாருங்கள். எண்ணெய் பூசிய சட்டி போல வழுவழுவென்று இருக்கிறது. இன்னும் பாசிகூடப் பிடிக்கவில்லை.

3. கார்த்திகை மாதப் பெருமழையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலை சரிந்து எங்கள் ஓயா ஆற்றில் மண்ணும் கல்லுமாக வந்தது. முன்பு ஆள் மூழ்கும் மடுக்களாக இருந்த இடங்களில் இன்று கணுக்கால் நனையாமல் நடக்கலாம். பழைய பாலத்தின் அடியில் மட்டும் தண்ணீர் இரண்டு தூண்களுக்கு நடுவே நெருங்கிச் சுழன்று மண்ணைத் தோண்டிக்கொண்டே போவதால் ஆழம் அப்படியே இருக்கிறது. ஓயாவில் உயிர் தப்பிய மீனெல்லாம் இப்போது அந்த ஒரே மடுவில்தான். பாலத்தை உடைத்தால் அந்தக் கல்லைக் கொண்டே மடுவையும் நிரப்பி அணைச்சுவர் கட்டுவார்களாம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் துஷாந்த் என்ற தம்பி வந்து பார்த்துவிட்டு, விலாங்கு கடலில் பிறக்கிற சீவன் என்று சொன்னார். நாங்கள் நம்பவில்லை. கடலில் பிறந்து, ஆற்றை எதிர்த்து ஏறி, இவ்வளவு மேலே வந்து வளருமாம். பெரிதானதும் முட்டையிட மறுபடி கடலுக்கே போகுமாம். நான் கடலை ஒரே ஒரு தடவை திருகோணமலையில் பார்த்திருக்கிறேன். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் வாந்தி. அந்தச் சீவன் பஸ்ஸும் இல்லாமல் ரயிலும் இல்லாமல், எத்தனையோ அணைக்கட்டுகளை எப்படியோ தாண்டி, எங்கள் பாலத்துக் கல்லிடுக்கில் வந்து படுத்திருக்கிறது. அதைக் கல்லோடு சேர்த்து பெகோ மெஷினால் அள்ளி லொறியில் கொட்டப் போகிறோம். நினைத்தால் வயிறு எரிகிறது ஐயா.

4. இதற்காகத்தான் குழு அமைத்தோம். தோட்டத்திலிருந்து நான், சந்தியிலிருந்து றிகாஸ் அவர்கள், சிங்களவர் வாழும் கீழ்க் கிராமத்திலிருந்து சோமபால மாத்தயா. அந்த மடு எங்களுக்குக் கரகம் விடும் இடம் என்பதால் நாங்கள் அங்கே தூண்டில் போடுவதில்லை. கிராமத்தவர்களுக்கு அது குளிக்கும் இடம், போயா என்ற பௌர்ணமி நாளில் மீனுக்குச் சோறு போடுவார்கள். றிகாஸ் அவர்கள் கடையில் மிஞ்சிய பாண் ரொட்டியையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார். ஆகவே ஒருவரை ஒருவர் கூப்பிடவே தேவையிருக்கவில்லை. பாலம் வெள்ளத்தை மறிக்கிறது என்று முதலில் குற்றம் சொன்னார்கள். மறித்தது வேரோடு வந்த மூங்கிலும் மரமும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் வைத்து, சோமபால மாத்தயாவின் ஆட்கள் கயிறு கட்டி இழுக்க, எங்கள் பெண்கள் வெட்டி அடுக்க, எல்லாவற்றையும் அகற்றினோம். இரண்டு மொழியிலும் கையெழுத்து வாங்கினோம். தை மாதம் எங்கள் பகுதி அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். றிகாஸ் அவர்கள் கொடுத்த பாணைத் தானே பிய்த்துப் போட்டு, மீன் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்தார். மீனைப் பற்றிய அறிக்கை வரும்வரை பாலத்தைத் தொடமாட்டோம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கை தட்டினோம்.

5. இனிச் சொல்வது எங்கள் முட்டாள்தனம்.

கொஞ்ச நாளில் கொந்தராத்துக்காரரின் ஆட்கள் வந்து தூண்களில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டார்கள். அதிகாரி சொன்னது வாய்ப் பேச்சுத்தானே என்று கூடிக்கூடிப் பேசினோம். அப்போது எங்கள் கோயில் பூசாரி இராசையா அவர்கள் ஒரு யோசனை சொன்னார். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது புதிதல்ல. எங்கள் பேச்சு எடுபடாத இடத்தில் முனியின் பேச்சு எடுபடும். மேல்பிரிவு றோட்டை அகலமாக்கியபோது அத்தனை மரத்தையும் வெட்டினார்கள், சூலம் நட்டிருந்த முனி மரத்தை மட்டும் விட்டுவிட்டு றோட்டையே வளைத்துக்கொண்டு போனார்கள். தோட்டத்தை நடத்தும் துரைமாரும் அதற்குச் சரி என்றார்கள். "ஒரு கல்ல வெச்சு மஞ்சத் துணியக் கட்டிருவோம் தாயி. அப்பறம் எந்த மெசினு கிட்ட வருதுன்னு பாப்போம்" என்றார் இராசையா அவர்கள். எல்லோருக்கும் அது நல்ல புத்தியாகத்தான் பட்டது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பாலத்தின் நடுவில் கல் வைத்து, மஞ்சள் குங்குமம் பூசி, சூலம் நட்டு, எலுமிச்சம்பழம் குத்தி, பாலமுனி என்று பேரும் வைத்தோம்.

6. மறுநாளே பெகோ வந்தது. ஓட்டி வந்த பையன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சூலத்தைக் கண்டதும் இறங்கினான், செருப்பைக் கழற்றினான், எங்களிடமே கற்பூரம் வாங்கி ஏற்றிக் கும்பிட்டான். பிறகு மெஷினைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் சிரித்த சிரிப்பு ஸ்டோர் வரை கேட்டிருக்கும். பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுத்தோம்.

7. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான் ஐயா. யாரோ அந்தச் சூலத்தைப் படம் பிடித்து, பாலத்தில் கோயில் கட்டுகிறார்கள் என்று எழுதி போனில் அனுப்பிவிட்டார்கள். கீழ்க் கிராமத்தில் படம் வீடு வீடாகப் போனது. தாம் குளிக்கும் இடத்துக்கு மேலே கோயில் வந்தால் நாளைக்குக் குளிக்க விடுவார்களா என்று அவர்கள் கேட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சோமபால மாத்தயா என் வீட்டு வாசலுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார். "கலா, நாங்க வந்தது மீன் காப்பாத்தத்தானே? நீங்க எங்களுக்குச் சொல்லாம சாமி வெச்சது. இது இப்ப கோயில் காப்பாத்துற வேலை. அதுக்கு நான் எப்படி சைன் வைக்கிறது?" என்றார். அவருடைய ஆட்களின் கையெழுத்துகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் போன பிறகு நான் அழுதேன். கயிறு கட்டி இழுத்த கை அது. ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாமே என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு பகுதி அதிகாரியிடமிருந்து வந்ததுதான் நேற்றைய கடிதம். அதில் மீன் இல்லை, வெள்ளமும் இல்லை. அரசாங்கப் பாலத்தில் அனுமதியில்லாமல் மதக் கட்டுமானம், இரு சமூகத்தாரிடையே அமைதிக் குலைவு, ஆகவே பாலத்தையே அகற்றுதல் என்று இருக்கிறது. பகுதி அதிகாரியை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காரணத்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாங்கள்.

8. சரி, சாமியை எடுத்துவிடுவோம் என்று நேற்றுப் பொழுதுபட ஓடினேன். இராசையா அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உக்கார வெச்ச சாமிய எழுப்புறதா? நான் புள்ளகுட்டிக்காரன் தாயி, என்னைய விட்டுரு" என்றார். வைக்கும்போது இருந்த அவசரம் எடுக்கும்போது ஒருவருக்கும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்! தோட்டத்துத் தலைவர்மாரைக் கேட்டேன். நாள் பார்க்க வேண்டும், கிடாய் வெட்ட வேண்டும், சித்திரை பிறக்கட்டும் என்றார்கள். சித்திரை பிறக்கும்போது அங்கே முனியும் இருக்காது, பாலமும் இருக்காது, மீனும் இருக்காது என்று கத்தினேன். பெரியவர்களிடம் கத்தியது தப்புத்தான்.

9. ஆகவே இன்று காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போன பிறகு, நானே போனேன். தலை முழுகி, ஈரச் சேலையோடு, கற்பூரம் ஏற்றினேன். "மீனுக்காகத்தான் உன்ன வெச்சோம், மீனுக்காகத்தான் எடுக்கிறேன். கோவம்னா என்மேல கோவிச்சுக்க, லயத்துல யார்மேலயும் வேணாம்" என்று சொன்னேன். சூலத்தைப் பிடுங்கினேன். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய இடுப்பில் கல்லை வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறி, மேல்பிரிவு முனி மரத்தடியில் இறக்கி வைத்தேன். திரும்பி வந்தபோது சோமபால மாத்தயா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பாலத்தில் இருந்த மஞ்சளையும் கற்பூரக் கரியையும் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். கறை போகும்வரை தேய்த்தோம். பிறகு அவர் பேனை கேட்டார். அவருடைய கையெழுத்து இத்துடன் இருக்கிறது.

10. மத்தியானத்திலிருந்து என் மகளுக்குக் காய்ச்சல். லயத்து வீடுகளில் எல்லோரும் காரணம் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. பனடோல் கொடுத்திருக்கிறேன், நாளைக்கும் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். காலையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது ஐயா. ஒரு வரி எழுதுவதும், எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், வெளியே சத்தம் கேட்டால் மெஷினா என்று எட்டிப் பார்ப்பதுமாக இந்த மனுவை எழுதுகிறேன். இதுவரைக்கும் வந்ததெல்லாம் கொழுந்து லொறிதான்.

11. நாங்கள் கேட்பது இவ்வளவே. திங்கட்கிழமை உத்தரவை நிறுத்துங்கள். மீன் தெரிந்த ஒருவரை அனுப்பி அறிக்கை எடுங்கள். அந்த அறிக்கை உடைக்கத்தான் வேண்டும் என்று சொன்னால், மீனைப் பிடித்து வேறு மடுவில் விட எங்களுக்கு அவகாசமாவது கொடுங்கள். ஆனால் வேறு மடு எங்கே இருக்கிறது என்பதையும் அறிக்கை எழுதுபவரே சொல்லட்டும். பாலத்தின் இரு பக்கமும் வாகனம் போகாமல் கம்பி போடுவதானால் குழி தோண்டுவது எங்கள் பொறுப்பு. மழைக்கு முன்னும் பின்னும் மூங்கில் அகற்றுவதும் எங்கள் பொறுப்பு. இதை மூன்று ஊராரும் எழுதித் தருகிறோம்.

12. கடிதத்தில் சொன்ன காரணம் இன்று காலை முதல் பாலத்தில் இல்லை. யாரையாவது அனுப்பிப் பாருங்கள், ஈரம்கூடக் காய்ந்திருக்காது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன் ஐயா. நாங்கள் உட்கார வைத்த ஒரு சாமியையே எழுப்பி அனுப்பிவிட்டோம். தாங்கள் ஒரு கடிதத்தைத் திரும்ப எடுக்கக்கூடாதா?

றிகாஸ் அவர்கள் கொண்டுவரும் பதிலுக்காக றோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்,

(ஒப்பம்) கலாராணி கஜேந்திரன்
செயலாளர்

உடன் ஒப்பமிட்டவர்கள்: எம். றிகாஸ் (தலைவர்), எச். சோமபால (கீழ்க் கிராமம்)

இடம்: கிளென்மார் தோட்டம், மடுல்சீமை
திகதி: 12.03.2026, வியாழக்கிழமை