வாசிகசாலையில் ஒரு பேச்சு

மாஸி, ஓக்லாந்து, நியூசிலாந்து
12.03.1986

அன்பின் அத்தானுக்கு,

பிள்ளையும் நானும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உடைத்துப் பார்ப்பார்கள் என்று, ஊருக்கு வரும் கிளெமென்ட் அண்ணரிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. வருடப்பிறப்புக் கழிந்த ஞாயிறு, வாசிகசாலையில், 'ஜப்பான் தன் பாராளுமன்றத்தை இழந்த கதை'. பேச்சாளர் ஆசிரியர் ஏரம்பமூர்த்தி என்று உங்கள் பெயர் கொட்டை எழுத்தில். என்ன மனிதர் நீங்கள்! சங்கக்கடை மனேஜர் சற்குணத்தாரை இயக்கப் பெடியள் சுட்டு லைற் போஸ்ற்றில் கட்டியது போன மாதம்தானே? அவர்களின் கூட்டத்தில் எழும்பி ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். "பெடியளின்ரை நோக்கம் சுத்தம், ஏதோ காரணம் இருக்கும்" என்று அயலட்டை கதைப்பதாக நீங்களே எழுதினீர்கள்.

நீங்கள் கேட்ட ஜப்பான் சரித்திரப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, ஈஸ்ட் டாமாக்கி பிஸ்கற் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். 1932இல் இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமரின் வீட்டுக்குள் போனார்களாம். கதைத்தால் விளங்கும் என்றாராம் அந்தக் கிழவர். சுட்டுவிட்டார்கள். வழக்கு நடந்தபோது சனம் சுட்டவர்களுக்காக அழுததாம். நாட்டுப்பற்றில் செய்தவர்கள், இரக்கம் காட்டுங்கள் என்று சிலர் இரத்தத்தால் மனு எழுதினார்களாம். பிறகு பத்திரிகைகள் அடங்கின. சக்கரவர்த்தியும் அரசின் ஓர் உறுப்புத்தான் என்று எழுதிய ஒரு பேராசிரியரின் புத்தகத்தைத் தடை செய்தார்கள். கடைசியில் கட்சிகள் தாங்களாகவே கலைந்தன.

இதை அங்கே மேடையில் சொன்னால் ஜப்பானைப் பற்றிய பேச்சென்று யார் நம்புவார்கள்? ஆமிக்கும் கோபம் வரும், பெடியளுக்கும் கோபம் வரும்.

நீங்கள் பேச நினைப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. ஒருவராவது சொல்லத்தான் வேண்டும். அந்த ஒருவர் என் புருஷனாக இருக்க வேண்டாம். சுயநலம் என்றால் சுயநலம்தான்.

பிள்ளை இப்போது இங்கிலீசில்தான் பதில் சொல்கிறாள். உங்கள் படத்தைக் காட்டினால் மட்டும் அப்பா என்கிறாள். உங்கள் விசா வந்துவிட்டது. பள்ளிக்கூடத் தவணை முடியட்டும் என்று இனியும் சொல்லாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நீங்கள் கேட்ட பக்கங்களை அனுப்பவில்லை, கோபிக்க வேண்டாம். எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து இங்கே மேசையில் வைத்திருக்கிறேன். வந்து இந்த வீட்டில் பேசுங்கள். கேட்க நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் பேசி முடித்த பிறகும் நீங்கள் இருப்பீர்கள்.

நல்லூர்க் கந்தன் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உங்கள்
ரதிதேவி