சத்தம் போடாத ஜீப்

ஜெயபுரம்,
மார்கழி 14.

அன்பு மகன் திலீபனுக்கு,

நீயும் பிள்ளையளும் அந்தக் குளிருக்குள்ளை ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் எண்டு முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுறன். நாங்கள் இஞ்சை சுகம். அம்மாவும் சுகம், அதை ரெண்டுதரம் வாசிச்சுப்போட்டு மிச்சத்தை வாசி.

போன கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு போனிலை சொன்னது பொய். களை பிடுங்கேக்கை புடையன் பாம்பு கடிச்சுப்போட்டுது. நீ அந்தரப்படுவாய் எண்டு மறைச்சனான், கோவிக்காதை. மழைக்கு வயல் பாதை முழுக்கச் சேறு, மெயின் ரோட்டுக்கு ரெண்டு கட்டை தூரம். பக்கத்து வயல் ரூபன் பெற்றோல் இல்லாமல் பற்றறியிலை ஓடுற தன்ரை புது ஜீப்பைக் கொண்டாறன் எண்டவன். எங்கடை உழவு மெசின் போகாத சேத்துக்கை உந்த விளையாட்டுச் சாமான் போகுமோ எண்டு நான்தான் பெரிய ஆளாட்டம் அம்மாவை மெசின்ரை பின்பெட்டியிலை ஏத்தினனான். அரைக்கட்டை போகேல்லை, மெசின் வயிறு முட்டப் புதைஞ்சுது. முறுக்க முறுக்கக் கீழைதான் போச்சுது. அம்மாவுக்குக் கண்மடல் விழத் தொடங்கீட்டுது. என்ரை வீம்பாலை இவளைச் சாகக் குடுக்கப்போறன் எண்டு அப்பதான் விளங்கிச்சுது.

ரூபன் பின்னாலை வந்து அம்மாவை மாத்தி ஏத்திப்போட்டு, பற்றறி பாரம், தாழும், சில்லு தட்டையாய் இருந்தால் புதையாது எண்டு நாலு சில்லிலையும் காத்தைக் கொஞ்சம் இறக்கினான். "ஆள் சாகக் கிடக்கிறா, நீ காத்து இறக்கிறியோ?" எண்டு பேசிப்போட்டன், பாவம். புதைஞ்ச மெசினைச் சுத்தி ஜீப்பை வயலுக்கை இறக்கி எடுத்தான். வாய்க்காலடியிலை முழங்காலளவு தண்ணி, ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் நிண்டிட்டுது எண்டு குதிச்சுத் தள்ளப்போனால், ஜீப் என்னை விட்டிட்டுத் தன்ரை பாட்டிலை ஏறிப்போகுது. சாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலை ஓடிப்போய் ஏறினன். ஒவ்வொரு சில்லுக்கும் தனி மோட்டராம், வழுக்கிற சில்லை அமத்திப்போட்டு, நிலத்தைப் பிடிக்கிற சில்லுக்கு வலுவைக் குடுக்குமாம். நாப்பது வருசம் இந்தச் சேத்தோடை மல்லுக்கட்டினவன், வாயைப் பிளந்துகொண்டு இருந்தன். கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலை உடனை ஊசி போட்டவை. அம்மா இப்ப வீட்டை வந்து, மெசினை இன்னும் இழுத்தெடுக்கேல்லை எண்டு என்னை ஏசுறா.

அண்டைக்கு மெசினிலை போயிருந்தால், அந்தச் சத்தத்துக்கை அவளுக்கு உயிர் இருக்கோ எண்டே எனக்குத் தெரிஞ்சிராது மகன். அந்த ஜீப்புக்குள்ளை வழிநெடுக அவள் மூச்சு விடுறது கேட்டுக்கொண்டே வந்தனான். கலியாணம் முடிச்ச இத்தனை வருசத்திலை நான் அதைக் கேட்டதேயில்லை.

முருகன் உங்களைக் காப்பாத்துவான், பிள்ளையளுக்கு என்ரை ஆசீர்வாதம். ஒண்டை மறவாதை. அம்மாவோடை கதைக்கேக்கை, கதை முடிஞ்சாலும் போனை உடனை வைக்காதை.

அன்புள்ள அப்பா,
சி. வீரகத்தி