இல்லாத நான்கு குழாய்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இல்லாத நான்கு குழாய்களை விற்றுவிட்டேன். கணினி நான்கு இருக்கிறது என்றது. நம்பி பிளம்பரை வண்டியோடு வரச் சொன்னேன். கிடங்கில் முழுசு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெட்டி விற்றதுபோக மிஞ்சிய துண்டுகள். மூன்று மீட்டர் துண்டு இரண்டு இருந்தால், இந்த மென்பொருள் கூட்டி, ஆறு மீட்டர் குழாய் ஒன்று என்று காட்டுகிறது.

"அண்ணே, இதை நான் ஒட்டிக்கணுமா, இல்ல நீங்களே இழுத்து நீட்டித் தருவீங்களா?" என்றார் பிளம்பர். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

மச்சான் சிரிக்கவில்லை. மனைவியின் தம்பி, கடையில் பாதிப் பங்கு. "ஓசி மென்பொருள் ஓசி வேலைதான் செய்யும் மாமா. இருபத்தஞ்சாம் தேதி அந்த மென்பொருள் கம்பெனி ஆளு வர்றாரு. மூணு வருஷ ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டுடலாம்."

அந்த ஒப்பந்தத்தை நான் வரி விடாமல் படித்தவன். நடுவில் விலகினால் கடை விவரம் முழுவதும் அவர்களிடமே தங்கிவிடும். கடைச் சாவியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு நான் கல்லாவில் உட்காருவதா?

"இது திறந்த மூலம் மாப்ளே. யாரு வேணா உள்ளே போய்த் திருத்தலாம். நான் திருத்தறேன்."

"நீங்களா?"

"இருபத்தஞ்சுக்குள்ள சரியா காட்டலைன்னா பேனாவை நானே எடுத்துத் தர்றேன்."

சொல்லிவிட்டேன். பயமாக இல்லை, ஆச்சரியம்.

மார்ச் 5, வியாழன்

எனக்கு நிரல் எழுதத் தெரியுமா? ஒரு வருடமாகக் கடை திறக்குமுன் வீடியோ பார்த்துப் படித்தது. புதிதாகத் தைக்கத் தெரியாது; ஒட்டுப்போடத் தெரியும். கடைக் கணினியில் கை வைக்கக்கூடாது என்பதும் தெரியும். அதனால் பழைய லேப்டாப்பில் தனிப் பட்டறை: மூலநிரலை இறக்கி, டேட்டாபேஸ் நிறுவி, அதோடு வரும் சோதனைகளை ஓட்டி, எல்லாம் பச்சை காட்டினால்தான் திருத்த ஆரம்பிக்கலாம்.

மூலநிரல் இறங்கியது. தேடித் தேடி அந்த வரியைப் பிடித்தேன் — மொத்த நீளத்தை ஆறால் வகுக்கும் வரி. இத்தனை வருடம் என்னிடம் பொய் சொன்னது இதுதான். திருடனின் சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி இருந்தது.

"அந்தக் கறுப்புத் திரையில அப்படி யாருங்க தெரியறாங்க?" என்று கேட்டாள் மனைவி.

மார்ச் 7, சனி

312 சோதனைகள். 41 சிவப்பு. நான் இன்னும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே?

மார்ச் 8, ஞாயிறு

அழித்து, முதலிலிருந்து நிறுவினேன். 41.

மார்ச் 11, புதன்

மூன்றாம் முறையும் 41. என்னதான்டா வேணும் உனக்கு?

இந்த மென்பொருளைப் பராமரிக்கும் அம்மணிக்குத் தனியாக எழுதினேன். பதில் இரண்டே வரி: "தனியா கேட்டா உங்களுக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். பொதுமன்றத்துல கேளுங்க சார்."

இணையத்தில் எல்லாரும் படிக்கும் பொதுமன்றத்தில் கேட்பதா? எதிர்க்கடைக்காரரும் இதே மென்பொருள்தான். இரண்டு கடைக்கும் போட்டுத் தந்தது ஒரே சர்வீஸ்காரர். நான் திணறுவதை எதிர்க்கடைக்காரர் உட்கார்ந்து படிப்பார். சந்தையில் கை நடுங்குவதைக் காட்டாமல்தான் இருபது வருடம் பிழைத்திருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

கேட்டுவிட்டேன். தேதி நெருங்குகிறது, வெட்கம் பார்த்தால் ஆகாது.

ஒரு மணி நேரத்தில் அம்மணி: "டேட்டாபேஸ் எந்தப் பதிப்பு?"

பதினேழு என்றேன். இருப்பதிலேயே புதுசு. எந்தக் கடைக்காரன் பழைய சரக்கைக் கேட்டு வாங்குவான்?

"நாங்க சோதிச்சது பதினாலுல. புதுசு எல்லாம் பொருந்தாது."

நிறுவும் வழிகாட்டியை மறுபடி படித்தேன். 'டேட்டாபேஸை நிறுவவும்' என்று மட்டும் இருக்கிறது, எண் இல்லை. சொன்னேன்.

"அடடா. இந்த வருஷம் பதினோரு பேர் பாதியிலேயே போயிட்டாங்க. எங்கே மாட்டினாங்கன்னு யாருமே சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. சரக்கைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் படியிறங்கும் வாடிக்கையாளர்கள். கடைக்காரன் தோற்பது அவர்களிடம்தான்.

மார்ச் 14, சனி

பதினாலை நிறுவினேன். 312-ம் பச்சை. எழுந்து கடை முழுக்க ஒரு சுற்று நடந்தேன்.

மார்ச் 16, திங்கள்

வழிகாட்டியில் ஒரு வரி எழுதி அனுப்பினேன்: 'பதிப்பு 14 மட்டும், புதியது வேண்டாம்.' ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தோர் பட்டியலின் கடைசியில் நான். மனைவியிடம் காட்டினேன். "கடைசியிலயா?" என்றவள், போனை வாங்கிப் படம் பிடித்துத் தன் அக்காவுக்கு அனுப்பினாள்.

மார்ச் 21, சனி

திருத்தம் தயார். முழுசு தனி, துண்டு தனி, நீளத்தோடு. அனுப்பினேன். அம்மணி நிபந்தனை போட்டுவிட்டார்: குழாய் விற்கும் இன்னொருவர் தன் சரக்கை வைத்து ஓட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் மென்பொருளில் சேர்ப்பார்களாம்.

இன்னொருவர். எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

மார்ச் 23, திங்கள்

எதிர்க்கடை திறந்த பதினொரு வருடத்தில் முதல் முறையாகத் தெருவைத் தாண்டி அதன் படியேறினேன். முப்பதடி தூரம்தான்.

"வாங்க வாங்க. நாப்பத்தொண்ணு சிவப்புன்னு எழுதினது நீங்கதானே? நானும் போன வருஷம் அதே நாப்பத்தொண்ணைப் பாத்து மூடி வெச்சவன்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா?" என்று சிரித்தார்.

என் ஒற்றை வரியைப் படித்தபடியே அவர் லேப்டாப்பில் நிறுவினார். எனக்கு ஒன்பது நாள். அவருக்கு நாற்பது நிமிடம். கொஞ்சம் எரிச்சல்தான், மறைப்பானேன்? பிறகு திருத்தத்தை ஓட்டினார். ஏழு முழுக் குழாய் என்றிருந்தது இரண்டானது. கிடங்குக்குள் போய் எண்ணிவிட்டு வந்தார். இரண்டேதான்.

"அப்ப அந்த அஞ்சை இவ்வளவு நாளா யாரு தலையில கட்டிட்டிருந்தேன்?" என்றபடியே 'சரி' என்று மன்றத்தில் எழுதினார்.

மார்ச் 25, புதன்

காலை ஒன்பது மணிக்குச் சேர்த்துவிட்டார்கள். கம்பெனி ஆள் பத்தரைக்கு வந்தார். அதற்குள் மச்சான் திரையைப் பார்த்தான் — முழுசு 6, துண்டு 9 — கிடங்குக்குப் போய் எண்ணினான், வந்தான், நம்பாமல் மறுபடி போனான். பிறகு வந்தவரிடம், "சார், டீ சாப்பிட்டுப் போங்க," என்றான். என்னிடம், "பேனா உங்க பையிலயே இருக்கட்டும் மாமா."

மாலையில் அம்மணியோடும் எதிர்க்கடைக்காரரோடும் பேசி முடித்தது: திருத்தத்துக்கு விலை இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குழாய்ப் பகுதியில் மாட்டிக்கொள்பவர்களுக்குத் திங்கள் முதல் புதன் வரை நான் பதில் சொல்ல வேண்டும், வியாழன் முதல் சனி வரை அவர். ஞாயிறு இரண்டு கடைக்கும் விடுமுறை.