பட்டி போடவில்லை என்று சொன்னேன்

தங்கச்சி,

இன்று காலை காலி வீதியில் ஒரு பாமசிக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். மேசைக்கு மேலே, கொக்கியில், தோல் நிறத்தில் ஓர் இடுப்புப் பட்டி தொங்கியது. பின்பக்கம் நான்கு தகடுகள், முன்பக்கம் ஒட்டுப் பட்டி. நான் பார்ப்பதைக் கண்ட கடைக்காரப் பெண், "போட்டுப் பாருங்கோ அங்கிள்" என்று அதை எடுத்துப் பிரித்தாள். அந்த ‘சர்ர்’ சத்தம் கேட்டதும் என் இரண்டு கைகளும் என்னைக் கேளாமலே தலைக்கு மேலே போய்விட்டன. கடையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. சோம்பல் முறிப்பவன் போல நடித்துச் சமாளித்தேன். நடிப்பில் நான் எப்பேர்ப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் காலமான செய்தியை இரண்டு மாதங்களுக்கு முன் உங்கள் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். அன்றிலிருந்து எழுத நினைத்தும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

நம்முடைய வரலாறு ஒரு காஸ் சிலிண்டரில் தொடங்குகிறது. யுத்த காலம். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடிக்கு அந்தச் சிலிண்டரைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பூமியைத் தாங்கும் ஆதிசேஷன் அன்று என்னைக் கண்டிருந்தால், வேலையை என்னிடம் தந்துவிட்டு ஓய்வு பெற்றிருப்பான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாரியில், இடுப்பின் பின்பக்கத்தில், ‘டக்’ என்றது. படம் எடுத்துப் பார்த்த டொக்டர், எலும்பிலும் நரம்பிலும் ஒரு குறையும் இல்லை, வெறும் பிடிப்பு, ஆறு கிழமையில் மாறிவிடும் என்றார். இரண்டு வருடமாகியும் மாறவில்லை.

நான் குனிவதையே விட்டுவிட்டேன். வீட்டில் நிலத்தில் விழுந்த பொருள் எனக்குக் கடலில் விழுந்த பொருள். பேப்பரைக் குடைப்பிடியால் கொழுவி எடுத்தேன். செருப்பை மனைவி மாட்டிவிட்டாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் நான் மாவாகிப்போவேன் என்று நம்பினேன். இன்று கடையில் கண்டதைப் போல ஒரு பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டேன்; குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.

"நீங்கள் உந்த நாரியையே கட்டியிருக்கலாம். என்னைவிட அதைத்தான் தாங்குறீங்கள்" என்றாள் மனைவி. புலவர்களின் அகராதியில் நாரி என்றால் பெண்தானே என்று விளக்கம் சொன்னேன். அன்று பின்னேரமே என்னை உங்களிடம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் சின்ன ஒழுங்கையின் கடைசியில், ரயில் பாதையோரம், உங்கள் வீட்டு முன்னறை. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, அங்கே பாய் விரித்து அக்கம்பக்கத்தாருக்கு உடற்பயிற்சி வைத்தியம் பார்த்தீர்கள். முப்பது வயதுகூட இராது. என்னைக் கண்டதும் ஒரு துவாயைக் கீழே போட்டீர்கள்.

"எடுங்கோ அங்கிள்."

"இது உடைஞ்ச நாரி, தங்கச்சி."

"எங்க உடைஞ்சது? படத்தில காட்டுங்கோ."

"படம் எடுக்கேக்க அது ஒளிச்சிட்டுது."

சிரித்தீர்கள். பிறகு பாயில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை எந்த டொக்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "நோவு பொய் இல்லை அங்கிள். அது சொல்லுற காரணம்தான் பொய். உங்கட மண்டைக்குள்ள ஒரு சென்றி காவலுக்கு நிக்கிறான். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருக்கா அடி விழுந்தது. அண்டையில இருந்து நாரி கொஞ்சம் அசைஞ்சாலும் விசில் அடிக்கிறான். சோத்துப் பாசலைக் கண்டாலும் குண்டெண்டுறான். நீங்கள் குனியாமல் விட விட, தான் சொன்னது சரியெண்டு அவனுக்கு இன்னும் பயம் கூடுது."

"அப்ப அவனை என்ன செய்யிறது?"

"ஒவ்வொரு நாளும் அவனுக்கு முன்னால கொஞ்சம் கொஞ்சமாக் குனிஞ்சு காட்டுங்கோ. நோகும். ஆனா உடையாது. அது அவனுக்கு விளங்கவேணும்."

கதிரை உயரம் வரை குனிந்தேன். பிறகு முழங்கால் வரை. அதற்குக் கீழே பாதாளம் என்று நின்றுவிட்டேன். அப்போதுதான் சொன்னீர்கள்: சனிக்கிழமை உங்களுக்குப் பம்பலப்பிட்டியில் கிளினிக், அந்த இடம் வரை இருவரும் நடப்போம், பட்டி இல்லாமல்.

சனிக்கிழமை காலை கேற்றடியில் கேட்டீர்கள். "பட்டி போட்டிருக்கிறீங்களோ?"

"இல்லை" என்றேன். பட்டிக்கு மேலே என் சேட்டுகளில் ஆகப் பெரியதைப் போட்டிருந்தேன்.

வழியெல்லாம் என்னைப் பாராட்டிக்கொண்டு வந்தீர்கள். "பாருங்கோ, எவ்வளவு லேசா நடக்கிறீங்கள்." பட்டாபிஷேகத்துக்குப் போகும் அரசனைப் போல அதையெல்லாம் தலையசைத்து வாங்கிக்கொண்டேன்.

வெள்ளவத்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடி. நகரின் வேறொரு மூலையில் குண்டு வெடித்திருந்த கிழமை அது. வழமையைவிட இரண்டு மடங்கு ஆமிக்காரர். வரிசையில் எனக்குப் பின்னால் நீங்கள். என்னைத் தடவிப் பார்த்தவனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அவனுடைய கை என் இடுப்பில் ஒரு தகட்டில் பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது.

"மொகத்த மே?" இது என்னவென்று கேட்டான்.

என்னுடைய சிங்களம் மீன் வாங்குவதற்கு மட்டும் போதுமான சிங்களம். அன்றைய நாளின் முதல் உண்மையை அதில் சொன்னேன். "பெல்ட் எக, மாத்தயா."

உடம்பில் குண்டு கட்டி வருகிறவர்களின் பட்டிக்கும் அந்த வருடங்களில் அதுதான் பெயர். கொழும்பில் ஒரு தமிழன் சாவடியில் நின்று சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்ததென்றால், அதை மரியாதையோடு, மாத்தயாவும் சேர்த்துச் சொன்னேன். அது போதாதென்று, கழற்றிக் காட்டலாம் என்று ஒட்டுப் பட்டியில் கையை வைத்து இழுத்தேன். சர்ர்.

அவன் பின்னால் பாய்ந்தான். வரிசை சிதறியது. யாரோ சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மூன்று துவக்குகள் என்னைப் பார்த்தன. அவனுடைய கண்ணில் இருந்த பயம் என்னுடையதைவிடப் பெரிது. அவன் விரல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் குரல் கேட்டது. பாயில் உட்கார்ந்து பேசும் அதே குரல். "அங்கிள், பட்டியை விடுங்கோ. கையை மேல தூக்குங்கோ. இப்ப குந்துங்கோ. அப்பிடியே, மெதுவா." பிறகு அவர்களிடம் சிங்களத்தில், "கொந்தே அமாருவ, மாத்தயா. நாரி வருத்தக்காரர். என்னுடைய நோயாளி." நில் என்று கத்தினார்கள். நீங்கள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என் பக்கம் இன்னும் இரண்டு அடி வைத்தீர்கள்.

நான் குந்தினேன். தாருக்கு ஒரு சாண் உயரத்தில்.

சேட்டைக் கழற்றினார்கள். பட்டியைக் கத்தியால் கிழித்து நான்கு தகடுகளையும் உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். தகடு வெறும் தகடென்று தெரிந்ததும் என்னைப் போகச் சொன்னார்கள். உங்களை விடவில்லை. உங்கள் பையில் றப்பர் நாடாக்களும் முழங்காலில் தட்டும் சின்னச் சுத்தியலும் இருந்தன. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் இருந்தது. எனக்கு நடக்கப் பழக்குவதாக நீங்கள் சொன்னதை, ‘பழக்குவது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, என்ன பயிற்சி, யாருக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு நானும் மனைவியும் எதிர் நடைபாதையில் பின்னேரம் நாலு மணி வரை நின்றோம். அங்கே நின்ற ஒவ்வொரு நிமிடமும், நான் சொன்ன ‘இல்லை’ எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தீர்கள். முகத்தில் இரத்தமில்லை. என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்: "பத்து நிமிசத்துக்கு மேல குந்தி இருந்தனீங்கள் அங்கிள். ஒருக்காலும் நாரியைப் பிடிக்கேல்லை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. கன்னத்தில் ஒன்று தந்திருக்கலாம்.

மறுநாள் நோவு இரட்டிப்பாக வந்தது. என்றாலும் எனக்கு இப்போது சாட்சி இருந்தது. நாள்தோறும் பத்துத் தடவை துவாயைப் போட்டு எடுத்தேன். நோகும், எடுப்பேன். சில மாதங்களில் செருப்பை நானே மாட்டினேன். மனைவி அதைப் பார்க்க மேல்மாடிக்காரரையும் கூப்பிட்டாள்.

ஆனால் நீங்கள் பாலத்தைக் கடப்பதை விட்டுவிட்டீர்கள். பம்பலப்பிட்டிக்கு ஓட்டோ பிடித்து ஹெவ்லொக் டவுன் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தீர்கள். ஒருநாள் ஒழுங்கையில் காக்கிச் சட்டையோடு தபால்காரர் திரும்பியதும், கையிலிருந்த மரக்கறிப் பையைப் போட்டுவிட்டுச் சுவரோடு நின்றதைக் கண்டேன். தக்காளிகளைக் குனிந்து பொறுக்கித் தந்தவன் நான்தான். நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. என் மண்டைக்குள் நின்ற சென்றி அங்கிருந்து விலகி உங்கள் மண்டைக்குள் வந்து நிற்கிறான் என்று அப்போது விளங்கியது. அனுப்பிவைத்தவனும் நான்தான்.

மறுநாள் உங்கள் கதவைத் தட்டினேன். "செருப்பைப் போடுங்கோ தங்கச்சி. ஒழுங்கை முகப்பு வரைக்கும். இண்டைக்கு அவ்வளவுதான்."

"பகிடி விடாதேங்கோ அங்கிள்."

"நோகும். உடையாது."

"உங்கட நாரி உடையாது. அங்க நிக்கிறவன் சுடுவான்."

பயம் உண்மை சொல்லும் இடங்களும் உண்டு. வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்ப நான் முன்னால நடக்கிறன்."

முதல் நாள் ஒழுங்கை முகப்பு. அடுத்த கிழமை மார்க்கெட். பிறகு சாவடி தெரியும் தூரம் வரை போய், அங்கேயே நின்று ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத் திரும்பினோம். "நீங்கள் எந்த யூனிவர்சிட்டியில பிசியோ படிச்சனீங்கள்?" என்று கேட்டீர்கள். உலகத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் என்னை வேண்டாம் என்று சொன்ன கதையை விரிவாகச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை வரிசையில் சேர்ந்தோம்.

அப்போது நீங்கள் என் சேட்டைப் பின்னால் பிடித்தீர்கள், சரியாக நாரிக்கு நேரே. துணியை முறுக்கி, விரல் முட்டி எலும்பில் அழுந்தும்படி. வரிசை நகர நகரப் பிடி இறுகியது. சாவடியில் நின்றவன் என்னைத் தடவிப் பார்த்தான், உங்கள் அட்டையைப் பார்த்தான், உங்கள் முகத்தைப் பார்த்தான், அட்டையை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு கையசைத்தான். பாலத்தின் நடுவுக்கு வந்தும் நீங்கள் விடவில்லை.

"நோகுதோ அங்கிள்?"

"நோகுது. பிடியுங்கோ."

மன்னிப்பு என்ற சொல்லை அன்றும் நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் சொல்கிறேன், பிந்திவிட்டது.

இப்போதும் சில காலைகளில் அந்த இடம் நோகும். நடையை நிறுத்துவதில்லை. பின்னால் ஒருவர் சேட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று, கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன்.