படத்துக்குப் போட்ட மாலை

பேட்டை
12.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துராணி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். போனில் பேசினால் உங்கள் "வேலையை விடு" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. அதனால்தான் காகிதம் எடுத்தேன். ஊருக்கு வந்திருந்த உங்கள் அறைக்காரர் காஜா முகைதீன் அண்ணன் கையில் கூழ்வற்றலோடு கொடுத்துவிடுகிறேன். வற்றலை அறையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீங்கள் வெறும் பையைத் தடவிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு சேதி. எங்கள் மோட்டார் பட்டறை முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய், வேலையாட்களைப் பாராட்டினால்தான் தொழில் வளரும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மாதாமாதம் ஒருவரைச் சிறந்த பணியாளர் என்று தேர்ந்தெடுத்துப் படம் மாட்டப் போகிறாராம். முதல் ஆள் நான்தான் அத்தான். நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டார் ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அத்தையிடம் ஓடிவந்து சொன்னேன். "சரி, அரிசியக் களை" என்றார்கள். நீங்களாவது இரண்டு வார்த்தை நல்லதாக எழுதுங்கள்.

உங்கள்
முத்துராணி

ஷார்ஜா
26.10.2025

அன்புள்ள முத்துராணிக்கு,

கடிதமும் வற்றலும் வந்தன. நீ சொன்னபடியே ஆயிற்று, எனக்கு மிஞ்சியது தூள்தான்.

படம் மாட்டுவதையெல்லாம் நம்பாதே. இங்கேயும் அப்படி ஒரு பலகை உண்டு. போன வருடம் பேரைத் தப்பாகப் போட்டு என் படத்தை ஒட்டினார்கள். மறுநாளிலிருந்து கூடுதல் வேலையெல்லாம் என் தலையில். அம்மாவுக்கு நீ வேலைக்குப் போவது பிடிக்கவில்லை, வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். தை பிறப்பதற்குள் விட்டுவிடு. கோபத்தில் எழுதவில்லை.

இசக்கிராஜா

பேட்டை
9.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கோபத்தில் எழுதவில்லை. நான் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது, சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணாச்சி என் படத்தைச் சட்டம் போடக் கொடுத்த கடைக்காரருக்குச் சாமி படமும் செத்தவர் படமும் போட்டுத்தான் பழக்கம். பொட்டு வைத்து, சந்தன மாலை சாத்தி, கீழே சிவப்பு பல்பும் எரியவிட்டுக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சிக்கு அது மரியாதையாகவே பட்டது. வாசல் அறையில், காலமான அவர் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அதைப் பார்த்த பிறகு சிறந்த பணியாளராக ஒருவரும் தயாரில்லை. என்னோடு காயில் கட்டும் மைதீன் பாத்திமா வேண்டுமென்றே பைய வேலை பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் தூக்குச்சட்டியை மறந்து வந்துவிட்டேன். அத்தை அதை எடுத்துக்கொண்டு முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்தார்கள். வாசலில் படத்தைப் பார்த்ததும் சட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். "ஐயோ, எம் மவளக் கரண்டு அடிச்சுக் கொன்னுட்டானுவளே" என்று தரையில் உட்கார்ந்து அழுதார்கள். மருமகள் என்று சொல்லவில்லை அத்தான், மகள் என்றார்கள்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். என் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு அண்ணாச்சியிடம் திரும்பினார்கள்.

"நல்லா வேல பாக்குதான்னா அவ கழுத்துல போடும் அண்ணாச்சி. படத்துக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு அவர்களே மாலையைக் கழற்றி, எல்லாரும் பார்க்க என் கழுத்தில் போட்டார்கள். அப்புறம் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் காயில் கட்டுவதைப் பார்த்தார்கள். இனி பூமாலை வாங்கி ஆளுக்கே போடுவது என்று அண்ணாச்சி மாற்றிவிட்டார். மைதீன் பாத்திமா இப்போது என்னை முந்தப் பார்க்கிறாள்.

நான் வேலையை விடமாட்டேன். சந்தேகம் இருந்தால் அத்தையிடமே கேளுங்கள்.

உங்கள்
முத்துராணி

ஷார்ஜா
28.11.2025

அன்புள்ள முத்துராணிக்கு,

அம்மாவிடம் கேட்டேன். "ஏலே, எம் மவள வேலைய விடச் சொல்லதுக்கு நீ யாருலே?" என்று பிடித்துக்கொண்டாள். தெருவில் யார் யாரிடம் உன்னைப் பற்றிச் சொன்னாள் என்று சொல்லி முடியும்வரை போனை வைக்க விடவில்லை. என்னைப் பற்றி அவள் இப்படிப் பெருமை பேசியதே கிடையாது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பிறகு என்ன, நானும் அறையில் எல்லாரிடமும் சொன்னேன், என் வீட்டுக்காரி கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று. சொல்லும்போது நெஞ்சு நிறைந்துவிட்டது. என் போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

தைக்கு வருகிறேன். கல்யாணத்தன்று உன் கழுத்தில் மாலை போட்டபோது நீ மாமா மகள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை தெரிந்து போட வேண்டும். நான்தான் போடுவேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவை. அந்த மாதத்து மாலையை மட்டும் மைதீன் பாத்திமாவுக்கு விட்டுவிடாதே.

உன்
இசக்கிராஜா