அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது

மார்ச் 2

டெய்லரம்மாவுக்கு,

நீயும் உன் தங்கையும் நலமா. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். என் பஸ்ஸை ஓட்டிய டிரைவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். கால் எடுத்து வைக்க வரவில்லை. தலைக்குள் நீர் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு வீட்டு ஆள், மனைவி, கையெழுத்து வேண்டுமாம். வருவாயா. இதை எழுதக் காலையிலிருந்து ஆகிறது.

கண்டக்டர்

மார்ச் 7

கண்டக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைக்குள் நீர் என்றால், அது எந்தக் கடை நீர்? உங்களோடு இருந்த கடைசி வருஷம் நான் பார்த்தது வேறு. சுவரைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். கேட்ட கேள்விக்கு, நானே அதை மறந்த பிறகு பதில் வரும். படுக்கை நனைந்திருக்கும், சொம்புத் தண்ணீர் கவிழ்ந்துவிட்டது என்பீர்கள். வாசலில் நிறுத்தி ஊதச் சொன்னால் வாசனை இருக்காது. வாசனை வராத சரக்குக்கு மாறிவிட்டீர்கள் என்று நினைத்தேன். "மறுபடி குடிக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டேன். "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்றீர்கள். அதன் பிறகுதான் பெட்டியைக் கட்டினேன்.

இங்கே துணிக்கடையில் அளவெடுக்கும் வேலை. தங்கை வீட்டில் எனக்கென்று ஓர் அறை. நிம்மதியாகத் தூங்குகிறேன். என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?

டெய்லர்

மார்ச் 13

டெய்லரம்மாவுக்கு,

நேற்று முதுகில் ஊசி போட்டு, அந்தத் தலை நீரில் அரை டம்ளருக்கும் குறைவாக எடுத்தார்கள். இன்று காலை வார்டுக்கு வெளியே நீளமாக நடந்துவிட்டுத் திரும்பியும் வந்தேன். "கண்டக்டர் ஐயா, மெதுவா. இன்னும் யாரும் விசில் அடிக்கல" என்றாள் நர்ஸ். இது சோதனைதான், சில நாளில் நீர் மறுபடி சேர்ந்துவிடும் என்கிறார் டாக்டரம்மா. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவர் படம் காட்டினார். மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றன. அவற்றில் நீர் ஊறும், வடியும். எனக்கு வடிவது கெட்டு, அறைகள் பெருத்துவிட்டன. ஆனால் அழுத்தத்தை அளந்தால் சரியாகத்தான் இருக்கிறது. நடை, சிறுநீர், புத்தி மூன்றும் ஓசைப்படாமல் கெட்டுக்கொண்டு வரும். "குடிச்சவங்க தள்ளாடுவாங்க. நீங்க தரையில ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன் நான்.

உள்ளே இருப்பது எப்படி என்று சொல்கிறேன். நீ கேட்பது காதில் விழும். பதிலும் தெரியும். அதை வாய்வரை கொண்டுவர வழி தெரியாது. கொண்டுவந்து சேர்க்கும்போது நீ அடுத்த அறைக்குப் போயிருப்பாய்.

ஒன்று மட்டும் நோய் செய்ததல்ல. சொம்பு ஒரு தடவையும் தானாகக் கவிழவில்லை. நீ எழுந்து விளக்கைப் போடுவதற்குள் நானே எடுத்து ஊற்றிக்கொள்வேன். குடிக்கிறீங்களா என்று நீ கேட்டபோது, தப்பிக்க ஒரு சந்து கிடைத்த மாதிரி இருந்தது. குடிகாரன் என்பது எனக்குப் பழகிய பேர். மற்றது பழகவில்லை. குடியை விட்ட பிறகு ஒரு சொட்டும் தொட்டதில்லை.

கண்டக்டர்

மார்ச் 17

கண்டக்டருக்கு,

உங்கள் கடிதத்தை, உடுப்பைப் போட்டுப் பார்க்கும் அறைக்குள் நின்று படித்தேன். வெளியே ஒரு அம்மா கையில் ரவிக்கையோடு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

விரிப்பைத் துவைத்தவள் நான். அது வெறும் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியாதா? குடித்தால் அதுவும்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மானம் போகக் கூடாதென்று, தினமும் அந்தச் சொம்பை நிரப்பிப் பக்கத்தில் வைத்ததும் நான்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நோயை எவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருக்கிறோம்.

குடிகாரனை விட்டு வந்தேன் என்று இதுவரை தலை நிமிர்ந்து சொன்னேன். நோயாளியை விட்டு வந்தேன் என்று யாரிடம் சொல்வது? தங்கையிடம் பாதிதான் சொன்னேன். "அப்போ கிளம்புக்கா" என்றாள். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

வருகிறேன். கையெழுத்தும் போடுகிறேன். தலையில் கட்டோடு படுத்திருப்பவரை விட்டுவிட்டு இரண்டாம் முறை என்னால் கிளம்ப முடியாது. அதுவும் தெரிந்துதான் வருகிறேன். ஆசைப்பட்டு வந்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

டெய்லர்

மார்ச் 21

டெய்லரம்மாவுக்கு,

கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. தலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நீ கையெழுத்துப் போட வேண்டாம். நானே போடலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். என்ன ஆபரேஷன், செய்தால் என்ன ஆகலாம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். தலையிலிருந்து வயிறுவரை தோலுக்கடியில் ஒரு குழாய். நடை திரும்பலாம். புத்தி எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. ரத்தம் கசியலாம். செய்யாவிட்டால் இப்படியே உள்ளே கிடப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெகு நேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார். பிறகு பேனாவைக் கொடுத்தார்.

முடிந்ததும் டிரைவர் வீட்டுக் கீழறையில் இருப்பேன். அவர் மனைவி முணுமுணுத்தாள். பிறகு கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டாளாம்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பார்க்கத் தோன்றினால் வா. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே விடுவார்கள். ஆறு மணிக்கு மணி அடிக்கும். அதற்கு மேல் சொந்தக்காரர்கள் யாரும் இருக்கக் கூடாது. இந்த வார்டில் அது கண்டிப்பு.

கண்டக்டர்